பாபநாசத்தில் விட்ட சட்டை

பாளையங்கோட்டையில் என் கடைப் பலகையில் "டிடிபி, ஜெராக்ஸ், பைண்டிங்" என்று இருக்கும். கல்யாணப் பத்திரிகை, வாடகைப் பத்திரம், பயோடேட்டா எல்லாம் வரும். ஆனால் கடையைத் தாங்குவது ஆய்வேடுகள்தான். கையெழுத்துப் பிரதியாகவோ, பென்டிரைவில் பாதி அடித்ததாகவோ கொண்டுவருவார்கள். அடித்து, பிழை பார்த்து, வரைபடம் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அச்சடித்துக் கொடுப்பேன். 1998-இல் ஆரம்பித்தேன். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்தபிறகு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டாம் என்று ஆகியிருந்த நேரம். எம்.ஃபில். என்ற படிப்பு இருந்த காலத்தில், ஒப்படைக்கிற மாதம் வந்துவிட்டால் கடையிலேயே பாய் விரித்துப் படுத்து எழுந்திருக்கிறேன்.

தமிழும் வரலாறும் கணிதமும் வரும். என்னிடம் அதிகம் வந்தவை மூன்று: நுகர்வோர் நடத்தை பற்றிய வணிகவியல் ஆய்வுகள், படிகமும் நானோ துகளும் வளர்க்கிற இயற்பியல், வேதியியல் ஆய்வுகள், தாமிரபரணித் தண்ணீரை அளந்து பார்க்கிற சுற்றுச்சூழல் ஆய்வுகள்.

இவற்றை அடித்து அடித்து என் விரல்களுக்குச் சில எண்கள் மனப்பாடமாகிவிட்டன. வணிகவியல் என்றால் 384. பத்து லட்சம் பேர் உள்ள ஒரு மக்கள்தொகையில் எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்பதற்கு, கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் வருகிற எண் அது. சோப்பானாலும் செல்போனானாலும் ஆய்வு 384 பேரில் வந்து நிற்கும். இயற்பியல் என்றால் 1.5406. ஒரு பொடியின் மேல் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி அதன் அணு அடுக்கைக் கண்டுபிடிக்கிறார்களே, அதற்குச் செம்பிலிருந்து வரும் கதிரின் அலைநீளம், ஆங்ஸ்ட்ராம் கணக்கில். சுற்றுச்சூழல் என்றால் 3, 5, 2500. ஓர் ஆறு குளிக்கத் தகுந்தது என்று சொல்ல வேண்டுமானால் உயிரிய ஆக்சிஜன் தேவை என்ற அழுக்குக் கணக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் கீழே இறங்கக்கூடாது. 100 மில்லிலிட்டரில் மலக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவின் எண்ணிக்கை 2500-ஐத் தாண்டக்கூடாது.

இந்த மூன்று துறையும் ஒரே ஒரு சட்டையில் வந்து முட்டி நின்றதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது என் அப்பாவின் சட்டை.

அப்பா விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். வி.கே.புரம் என்றுதான் நாங்கள் சொல்வோம். பாபநாசத்தில் விழும் தண்ணீரின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் கொண்டுவந்த ஆலை. ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்டு, சங்குச் சத்தத்துக்குக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது. அப்பா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஓர் இழையை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, நாற்பதாம் நம்பரா அறுபதா என்று சொல்லிவிடுவார். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் கூடக் கூட இழை மெலியும். பருவத்தேர்வுக்கு நெசவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் அதை வாய்ப்பாடாகப் படிப்பார்கள். அப்பாவுக்கு அது தோலில் இருந்தது.

துணி வாங்கி வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். பஞ்சு என்றால் காகிதம் எரிந்த வாசம் வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பாலியெஸ்டர் என்றால் நெருப்பைக் கண்டு சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும். நகத்தால் அழுத்தினாலும் நசுங்காது. அந்த மணியை என் உள்ளங்கையில் வைத்து, "இது நூத்தது இல்லட்டி, கொழம்பாக் காச்சி இழுத்தது" என்பார். பின்னாளில் ஓர் ஆய்வேட்டில் பாலியெஸ்டர் இழை தயாரிக்கும் முறையை அடித்தபோதுதான் தெரிந்தது, அப்பா சொன்னது அப்படியே சரி என்று. பலபடியை, அதாவது பாலிமரை, உருக்கி, சல்லடைக் கண் மாதிரி நுண்ணிய துளைகள் வழியாகத் தள்ளி, இழுத்து, குளிரவைக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவர் உடுத்தியது டெரிகாட்டன் சட்டை. பாலியெஸ்டரும் பஞ்சும் பெரும்பாலும் 67-க்கு 33 என்று கலந்த துணி. எனக்கு அது வெகுநாள் புரியவில்லை. பிறகு அம்மாதான் சொன்னாள்: "ரெண்டே சட்டை. ராத்திரி தொவைச்சுப் போட்டா காலைல சங்கு ஊதுததுக்குள்ள காயணும்லா?" ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரே ஒரு கயிறு. அதில் ஐந்து பேர் துணி. பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்கிற பொருள். பாலியெஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். அப்பாவின் தேர்வுக்குக் காரணம் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கிறது.

நான் அடித்த நுகர்வோர் நடத்தை ஆய்வேடுகளில் "இந்தப் பொருளை வாங்கத் தூண்டிய காரணி எது?" என்று ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். விலை, தரம், பிராண்ட், விளம்பரம், நண்பர்கள் பரிந்துரை என்று வரிசை வரும். காலைக்குள் காய வேண்டும் என்ற காரணத்தை அந்த வரிசையில் நான் ஒருமுறைகூட அடித்ததில்லை.

அந்தக் கேள்வித்தாளின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டம் போடுகிற வழக்கத்தை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் கொண்டுவந்தார். மனத்தில் இருப்பதை எண்ணாக மாற்ற அதைவிட எளிய வழி இன்றுவரை வரவில்லை. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தத் தாள்களை நிரப்பிக்கொண்டு வருகிற பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சிலர் கைக்குழந்தையோடு போவார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் கட்டத்தில் டிக் அடிக்கிற கையும் காரியம் செய்கிற கையும் ஒன்றல்ல. இதை முதலில் அழுத்திக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலர் ரிச்சர்ட் லாப்பியர். ஒரு சீனத் தம்பதியுடன் அந்த நாடு முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடுமையான வெறுப்பு இருந்த நாட்கள். விடுதியும் உணவகமுமாக 251 இடங்களில் ஒரே ஒரு இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934-இல் வெளியான ஆய்வு. அங்கே தாளில் "மாட்டோம்" என்றவர்கள் நேரில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அதன்பிறகு சுற்றுச்சூழல் விழிப்புணர்வு பற்றிய ஆய்வுகள் நிறைய வந்தன. அப்படி ஒரு மாணவி தன் கேள்வித்தாளை முழு ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன்னால் சரிபார்க்க, என்னையும் நிரப்பச் சொன்னாள். அதில் ஒரு வாக்கியம்: "ஆற்றில் துணி, பூசைப் பொருட்களை விடுவதைத் தவிர்க்க வேண்டும்." நான் யோசிக்கவே இல்லை. முற்றிலும் உடன்படுகிறேன்.

நாலு மாதம் கழித்து அப்பா இறந்தார்.

காரியத்துக்குப் பாபநாசம் போனோம். எங்கள் பக்கத்தில் அது பெயரிலேயே பாவத்தைப் போக்குகிற இடம். கோயிலுக்கு எதிரே படித்துறை, பாறை, பாறைக்கு நடுவே நுரைத்து வருகிற தண்ணீர். அமாவாசையானால் நிற்க இடம் இருக்காது. தம்பி முங்கி எழுந்தான். நான் மேல்படியில் அப்பாவின் துணிப்பையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு எட்டு முழ வேட்டி, ஒரு துண்டு, அந்த வெளிர்நீல டெரிகாட்டன் சட்டை. பாக்கெட் அடியில் மைக்கறை. சித்தப்பா தம்பியிடம், "ஏலே, எல்லாத்தையும் அப்படியே ஆத்துல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம ஏறி வந்துரணும்" என்றார்.

பக்கத்திலேயே துணிகளை ஆற்றில் விடாதீர்கள் என்று பலகை இருந்தது. நான் பையைக் கொடுத்தேன். என் கையால்தான் கொடுத்தேன். அந்த நிமிஷத்தில் 384-ம் நினைவில் இல்லை, லிக்கர்ட்டும் நினைவில் இல்லை. அப்பாவை வழியனுப்புகிறோம், அதில் ஒரு குறை வந்துவிடக்கூடாது என்பது ஒன்றுதான் இருந்தது. தம்பி விட்டுவிட்டு ஏறி வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து பல நாள் கழித்துத்தான் அந்தச் சொல் என்னைக் குடையத் தொடங்கியது. திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பது பிரிவைத் தாங்குவதற்கு நம் முன்னோர் வைத்த ஏற்பாடு. அதைச் சொன்னவர் காலத்தில் விட்டது பஞ்சு வேட்டி. திரும்பிப் பார்க்காவிட்டாலும் ஆறு அதைக் கரைத்துக்கொண்டது. பஞ்சு என்பது செல்லுலோஸ். அதைத் தின்னத் தெரிந்த பூஞ்சையும் பாக்டீரியாவும் சேறு முழுக்க உண்டு. சில மாதத்தில் இழை நைந்து போய்விடும்.

பாலியெஸ்டரை அப்படித் தின்ன ஆளில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ அச்சடிப்போர் சங்கம் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-இல் காப்புரிமை எடுத்த பொருள் அது. காலிகோ என்பது கோழிக்கோட்டுத் துணி என்பதிலிருந்து வந்த பெயர். ஆய்வேட்டு அட்டைக்கு நான் ஒட்டுகிற பஞ்சுத் துணிக்கும் அதுதான் பெயர். பஞ்சில் பூ அச்சடித்துப் பிழைத்தவர்களின் ஆய்வகத்தில் இருந்தே பஞ்சுக்குப் போட்டி பிறந்தது என்பதை அடித்துக்கொண்டிருந்தபோது, விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாலியெஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலியில் எஸ்டர் என்ற பிணைப்புகள் உண்டு. தண்ணீரால் அவற்றை உடைக்க முடியும், ஆனால் வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேலே போனால்தான் அந்தச் சங்கிலி நெகிழும், தண்ணீர் உள்ளே புகும். பாபநாசத்துத் தண்ணீர் மலையிலிருந்து நேரே இறங்குவது. கோடையிலும் உடம்பு சிலிர்க்கும். சேற்றுக்கு அடியில் புதைந்துவிட்டால் வெயிலும் படாது. 2016-இல் ஜப்பானில் சகாய் நகரத்தில் இந்தப் பலபடியைத் தின்கிற ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். ஆனால் அதுவும் அடுக்கு கலைந்த நெகிழ்ந்த வடிவத்தைத்தான் எளிதாகச் செரிக்கிறது. சட்டை இழையோ இழுத்து இழுத்து அடுக்கை இறுக்கியது. டெரிகாட்டன் இன்னும் விசேஷம். அதில் இருக்கிற பஞ்சு மட்டும் மட்கிப்போகும். பாலியெஸ்டர் அப்படியே நிற்கும். சட்டை வடிவம் மாறாமல், சல்லடை மாதிரி, உள்ளே பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி.

அப்பாவின் சட்டையை நான் அப்படிப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பொருளறிவியல் ஆய்வேடுகளில் நான் கண்ட ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எந்தப் பொருளானாலும் அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சோதிப்பார்கள். இழுவலிமை, வெப்பம் தாங்கும் திறன், நீர் புகாமை. எண் கூடினால் முடிவுரையில் "சிறந்த பண்பு" என்று வரும். எப்போது, எங்கே அது போய்ச் சேரும் என்ற அதிகாரம் இருக்காது. இன்னொரு பக்கம், தண்ணீரைச் சுத்தப்படுத்துவதற்கே பொருள் செய்கிறவர்கள் உண்டு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு துகளைச் சாயத் தண்ணீரில் போட்டு வெளிச்சம் காட்டினால் சாயம் வெளுக்கும். டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிரியும் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டியதிலிருந்து கிளைத்த துறை. நம் ஊர் வேப்பிலை, துளசிச் சாறில் துகள் தயாரித்து, மெத்திலீன் நீலத்தை வெளுக்க வைத்து, நிறம் இறங்குகிற வரைபடத்தைக் கண் மின்ன என்னிடம் காட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர். நல்ல வேலைதான். ஆனாலும் எல்லோரும் அதே மெத்திலீன் நீலத்தை, காய்ச்சி வடித்த தண்ணீரில், அதே கண்ணாடிக் குடுவையில். நடந்து போகிற தூரத்தில் ஆறு ஓடுகிறது. அந்தத் தண்ணீரை ஒரு குடம் மொண்டு வந்து அதில் துகள் வேலை செய்கிறதா என்று பார்த்த ஆய்வேடு என் மேசைக்கு வந்தது மிகக் குறைவு.

மூன்றாவது துறையிடம்தான் நான் அதிகம் எதிர்பார்த்தேன். தாமிரபரணி பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பெரிய ஆறுகளோடு ஒப்பிட்டால் சிறியது. தொடக்கமும் முடிவும் இந்தச் சீமைக்குள்ளேயே. ஆய்வு செய்கிறவர்கள் ஆற்றின் வழியே இடங்களைக் குறித்துக்கொள்வார்கள்: பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம். எஸ்1, எஸ்2 என்று பெயர். நான் அடித்தவற்றில் எஸ்1 அநேகமாகப் பாபநாசம். மலையை விட்டு இறங்குகிற இடம், ஊர்ச் சாக்கடை இன்னும் சேராத இடம் என்பதால் மற்ற இடங்களை அதோடு ஒப்பிடுவார்கள். அட்டவணையில் எஸ்1 நல்ல எண்களோடு இருக்கும். கீழே வரவர எண் கெடும்.

அந்த நல்ல எண்ணுக்குள்தான் அப்பாவின் சட்டை கிடந்தது. அது எப்படி என்று ஒரு சுற்றுச்சூழல் மாணவரிடம் கேட்டேன். உயிரிய ஆக்சிஜன் தேவை என்றால் என்ன என்று அவர் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் மூடி வைக்கிறார்கள். அதிலிருக்கிற அழுக்கை நுண்ணுயிர்கள் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறதோ அதுதான் அந்த எண். "அப்ப நுண்ணுயிர் தின்னாத அழுக்கு?" என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். "அது இந்த டெஸ்ட்ல தெரியாதுக்கா" என்றார்.

நான் அதோடு விடாமல் கணக்குப் போட்டேன். ஒரு பஞ்சு வேட்டி ஆற்றில் கிடந்தால் அது மட்கும். மட்குவதற்கு ஆக்சிஜன் செலவாகும். எண் கொஞ்சம் ஏறும். ஒரு பாலியெஸ்டர் சட்டை கிடந்தால் எண் அசையாது. அந்த அட்டவணையின் கண்ணுக்கு வேட்டி அழுக்கு, சட்டை சுத்தம். இதில் அந்த மாணவர் தவறு எதுவும் இல்லை. அந்தச் சோதனை சாக்கடைக்காகப் பிறந்தது, சாக்கடையை அது சரியாகவே பிடிக்கும். ஆற்றில் வேறு வகைப் பொருள் வந்து சேர்ந்துவிட்டது, எண்கள் பழையவை.

நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லைக் கடல் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சன் 2004-இல் அறிவியல் உலகத்தின் முன் வைத்தார். 2011-இல் மார்க் பிரௌனும் கூட்டாளிகளும் துணி துவைத்த தண்ணீரை வடிகட்டிப் பார்த்து, ஒரே ஓர் ஆடை ஒரு தடவை துவைப்பில் 1900-க்கு மேற்பட்ட இழைத் துணுக்குகளை உதிர்க்க முடியும் என்று காட்டினார்கள். அது இயந்திரத்தில் ஒரு தடவை சுற்றிய கணக்கு. பாறையில் சிக்கி ஒவ்வொரு வெள்ளத்திலும் அடிபட்டுக்கொண்டே இருக்கிற சட்டைக்கு அந்தக் கணக்கைப் பொருத்திவிட முடியாது. யாராவது அளக்க வேண்டும். அந்த ஆற்றிலிருந்துதான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வழியிலுள்ள ஊர்களும் குடிக்கின்றன.

நம்மில் யாருக்கும் சட்டை பிளாஸ்டிக்காகத் தெரிவதில்லை. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பாபநாசத்துக்கு மேலே காரையாறு போகிற வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பொருட்களை எடுத்து வைத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் எந்தப் பலபடியோ சட்டையும் அதே பலபடிதான். பாட்டில் கையில் சலசலக்கும், சட்டை உடம்பில் ஒட்டியிருக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை நான் மனதார ஏற்றுக்கொண்டவள். கடையில் பிளாஸ்டிக் உறை கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். அப்பாவின் துணியை ஆற்றுக்குக் கொண்டுபோனதும் ஒரு மஞ்சள் துணிப்பையில்தான்.

வாங்குவதோடு நுகர்வோர் கதை முடிந்துவிடுகிறது என்ற குறையை அந்தத் துறைக்காரர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஜேக்கப் ஜேக்கபி என்பவர் இன்னும் இருவருடன் சேர்ந்து 1977-இலேயே எழுதினார்: பொருளை வாங்குவதை ஆராய்கிறோம், பயன்படுத்துவதை ஆராய்கிறோம், கழிப்பதை ஏன் ஆராய்வதில்லை? வைத்துக்கொள்கிறார்களா, தற்காலிகமாகக் கைமாற்றுகிறார்களா, நிரந்தரமாக விட்டுவிடுகிறார்களா என்று பிரித்தும் காட்டினார்கள். விற்பது, கொடுப்பது, எறிவது எல்லாம் அதில் வரும். இறந்தவர் துணியை ஆற்றில் விடுவதை அந்தப் பிரிவுகளில் எதில் வைப்பது என்று நான் யோசித்திருக்கிறேன். எறிவது என்று சொன்னால் என் சித்தப்பா மனம் நோகும். கொடுப்பது என்றுதான் அவர் சொல்லுவார்.

போன வருடம் வணிகவியலில் சேர்ந்த ஒரு பெண் ஆயத்த ஆடை வாங்குவோர் பற்றிய தலைப்போடு வந்தாள். கேள்வித்தாளை அடிக்கும்போது நான் கேட்டேன்: "இந்தத் துணிய கடைசில என்ன செய்வீங்கன்னு ஒரு கேள்வி வைக்கலாமாம்மா?" தட்டச்சு செய்கிறவள் இப்படிக் கேட்கலாமா என்ற தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. அவள் தப்பாக எடுக்கவில்லை. தன் நெறியாளரிடம் பேசினாள். அவரும் ஓர் அதிகாரம் அதற்கென்று ஒதுக்கச் சம்மதித்தார். அதிலிருந்து பாபநாசம் வரை வந்தது.

நானும் கூடப் போனேன். கூட்டம் குறைந்த ஒரு நாள். கரையில் துப்புரவுப் பணியாளர்கள் ஆற்றிலிருந்து இழுத்துப் போட்ட துணிகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. நனைந்த துணியின் கனம் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, பாறை இடுக்கிலிருந்து அதை உருவி எடுக்கிறவர்களின் கைகளைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது. ஓர் அம்மா சொன்னாள்: "காட்டன் சீல இழுத்தா கிழிஞ்சுரும், வந்துரும். இந்த வழுவழுத் துணி இருக்கே, கல்ல சுத்திக்கிட்டு விடாது." எந்தத் துணி தங்குகிறது, எது போகிறது என்பதற்கு அதைவிட நேரான ஒரு சாட்சியம் எந்த ஆய்வகத்திலிருந்து வரும்? அந்தப் பெண் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். பேச்சை மாற்றி எழுதாதே என்று சொன்னேன்.

அனுமதி கேட்டு, குவியலில் சில துணிகளிலிருந்து இழை எடுத்தோம். வெயிலில் உலர்த்தினோம். அப்பா செய்த மாதிரி தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். சில இழை சாம்பலாகப் பறந்தது. பல இழை சுருண்டு மணியானது. ஒரு சட்டை சல்லடையாக இருந்தது, கையை உள்ளே விட்டால் கை தெரிந்தது. நிறம் வெளிர்நீலமல்ல, பழுப்பு. நான் பாக்கெட்டைப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படித்துறைக்கு வருகிறவர்களிடமும் ஓர் இழை வாங்கி எரித்துப் பார்த்து வகைப்படுத்தலாம், பிறகு கேள்வி கேட்கலாம் என்றாள். கேட்டும் பார்த்தாள். ஒருவர் கையிலிருந்த சட்டையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "எங்க அண்ணன் சட்டைம்மா. தீ வைக்கவா கேக்க?" என்றார். கோபமில்லை. குரல் உடைந்திருந்தது. அவள் முகம் வாடிவிட்டது. தீப்பெட்டியை என் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு இழை கேட்கவில்லை. துணியின் வகை என்று ஒரு கேள்வியை மட்டும் தாளில் வைத்துக்கொண்டாள்: பருத்தி, பாலியெஸ்டர், கலப்பு, பட்டு, தெரியாது, பிற.

சாயந்திரம் போல ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், மகளோடு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு சேலை, மடித்து நாலாக. தண்ணீர் படியைத் தொட்டுத் தொட்டுப் போனது. இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொல்லி, கேட்கலாமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"இந்தச் சேலை காட்டனாம்மா, பாலியெஸ்டரா?"

அவர் சேலையின் மடிப்பை விரலால் ஒருமுறை நீவினார்.

"அது தெரியாது தாயி. எங்கம்ம உடுத்துனது."

இவள் பேனா "தெரியாது" என்ற கட்டத்துக்கு மேலே நின்றது. பிறகு கீழே இறங்கி, "பிற" என்பதற்கு எதிரே இருந்த கோட்டில், அவர் சொன்னதை எழுதினாள்.